ஒரு தோலுக்கு ஒரு காசு

மாதனூரில் வளரும் பிள்ளைக்குத் தோல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காற்று திரும்பினால் மூக்கு சொல்லிவிடும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த ஒரே லட்சியம், பிள்ளைகள் டேனரி வாசலை மிதிக்கக் கூடாது என்பதுதான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர்கள், டிரம் ஓடும் இரைச்சலில் காது மந்தமானவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நல்லா படிச்சி, கம்ப்யூட்டர்ல உக்கார்ற வேலைக்குப் போடா." நாங்களும் சொல்லைத் தட்டாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். உட்கார்ந்து மாடு அடித்தோம், தோல் உரித்தோம், அதைப் பதனிடக் கொண்டுபோனோம். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து.

ஆட்டத்தின் பெயர் ரூன்ஸ்கேப். 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் ஆரம்பித்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வரலாம், ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு தொழில். 2006 வாக்கில் எங்களுக்கு அது கிடைத்ததற்குக் காரணம் ரசனை கிடையாது, வறுமை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் மாதச் சந்தா டாலரில், கிரெடிட் கார்டு எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. இந்தியாவுக்கென்றே லெவல் அப் நிறுவனம் ரக்னராக்கைக் கொண்டுவந்தது, சிஃபி ஏ3-ஐக் கொண்டுவந்தது. பெருநகரத்துப் பையன்கள் ப்ரீபெய்டு கார்டைச் சுரண்டி ஆடினார்கள். ஆம்பூரில் நாங்கள் போன பிரவுசிங் சென்டரின் பாய் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற விடமாட்டார். "ஹார்ட் டிஸ்க் ரொம்பிச்சுன்னா கஸ்டமரு ரெஸ்யூம எங்க வைப்பான், உன் தலையிலயா?" ரூன்ஸ்கேப்புக்கு எதையும் ஏற்ற வேண்டாம். பிரவுசரில் ஜாவா இருந்தால் போதும். சந்தா இல்லாமலும் ஆடலாம்.

புதிதாக வருகிறவன் லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறங்குவான். ஊருக்கு வடகிழக்கே ஒரு மாட்டுப் பட்டி. அங்கே மாட்டை அடித்தால் எலும்பு, கறி, தோல் என்று மூன்று விழும். பட்டியைத் தாண்டினால் ஒரு சுங்கச்சாவடி. பத்துக் காசு கட்டினால் அல் கரித் என்ற பாலைவன ஊருக்குள் விடுவார்கள். அங்கே எல்லிஸ் என்று ஒரு தோல் பதனிடுபவர். மிருதுவான தோலுக்கு ஒரு காசு, கெட்டித் தோலுக்கு மூன்று காசு. பையில் மொத்தம் 28 இடம். காசுக்கு ஒரு இடம் போனால் மீதி 27. ஆக ஒரு நடைக்கு 27 தோல். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் பத்தாம் வகுப்புச் சூத்திரங்களைவிட நன்றாக நினைவிருக்கிறது.

இதில் வேடிக்கை, அந்த அல் கரித் சாவடியை அனுபவித்த பிறகுதான் எங்கள் ஊருக்கு வடகிழக்கே பள்ளிகொண்டாவில் நிஜச் சாவடியின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. ஆட்டத்தில், சிறையில் கிடக்கும் இளவரசன் அலியை மீட்டுக் கொடுத்தால் அதற்கப்புறம் சுங்கம் கிடையாது. பள்ளிகொண்டாவில் யாரை மீட்டாலும் கட்டித்தான் ஆகணும்.

எல்லிஸிடம் தோலைக் கொடுத்த மாத்திரத்தில் பதனிட்டுத் தந்துவிடுவார். எங்கள் தாத்தா காலத்து ஆவாரம்பட்டைக் குழியில் அதற்கு வாரக்கணக்கு ஆகும். குரோம் வந்த பிறகும், உப்புத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பில் போட்டு, ஜவ்வு சீவி, டிரம்மில் சுற்றி, நீலமாக வெளியே எடுக்க நாள் கணக்கில் பிடிக்கும். ஒரு கிலோ தோலுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் என்பார்கள். அந்தத் தண்ணீர் பாலாற்றில் என்ன செய்தது என்பதற்காகத்தான் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. எல்லிஸ் எந்த ஆற்றில் விட்டார் என்று அல் கரித்தில் யாரும் வழக்குப் போடவில்லை. வாடை கிடையாது, கழிவுநீர் கிடையாது, புண்ணான விரல் கிடையாது. இப்படியொரு டேனரியில் வேலை கிடைத்தால் எந்தப் பெற்றோர்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஆட்டத்துக்குள் இருந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு என் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் "அந்தக் காலத்து ஆன்லைன் ஜனங்க மாதிரி வராதுபா" என்று பெருமூச்சு விடுகிறார்கள். நானும் விடுவேன், தனியாக இருக்கும்போது. ஆனால் அந்த ஜனங்கள் யார்? பாதிப் பேர் பிச்சை கேட்பவர்கள். மீதியில் பாதிப் பேர், "உன் கவசத்தைக் கொடு, தங்க ஓரம் போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வங்கி வாசலில் கூவுகிற ஆள் தினமும் இருப்பான். எங்கள் பகுதியில் ஏலச்சீட்டு நடத்தி ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவனை அடையாளம் தெரிந்தது. என் கூட்டாளிக்குத் தெரியவில்லை.

கூட்டாளி பாடுபட்டுச் சேர்த்துக் கவசம் வாங்கியிருந்தான். தலையிலிருந்து கால்வரை நீல நிறம், ரூன் உலோகம். ஒரு புண்ணியவான் வந்து சொன்னான்: "கவசத்தைக் கழற்றித் தரையில் போட்டு, ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்து, ரெண்டாயிடும்." தரையில் போட்ட பொருள் சுமார் ஒரு நிமிஷம் வரைக்கும் போட்டவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அதற்கப்புறம்தான் ஊராருக்குத் தெரியும். கூட்டாளி அழுத்தினான். திரை மூடிக்கொண்டது. அவ்வளவுதான் அந்த இரண்டு பொத்தானுக்கும் வேலை. சென்னையாக இருந்தால் ஓடிப்போய் ஒரு நிமிஷத்துக்குள் திரும்ப உள்ளே வந்திருக்கலாம். ஆம்பூர் நெட்டில் ஜாவா ஏறுவதற்குள் பாய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். கூட்டாளி அன்றைக்கு மீதி இருபது நிமிஷக் காசையும் வாங்காமல் இறங்கிப் போனான்.

ரிச்சர்ட் பார்டில் என்று ஓர் ஆங்கிலேயர். 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து, எழுத்தாலேயே நடக்கும் முதல் கூட்டு உலகத்தைச் செய்தவர். அவர் பிற்பாடு 1996-ல், இந்த ஆட்டங்களுக்கு வருகிறவர்கள் நாலு வகை என்று எழுதினார்: சாதிக்க வருகிறவன், சுற்றிப்பார்க்க வருகிறவன், பேச வருகிறவன், அடுத்தவனைக் கொல்ல வருகிறவன். அவர் ஆம்பூர் வந்ததில்லை. வந்திருந்தால் ஐந்தாவது வகையையும் பார்த்திருப்பார்: நாற்காலிக்குப் பின்னால் நின்று யோசனை சொல்கிறவன். காசு கொடுக்கமாட்டான், மவுஸைத் தொடமாட்டான், "அவன் பின்னாடி போடா, டேய், சாப்புட்றா மொதல்ல" என்று உயிரை விடுவான். ஒரு கேபினில் ஒருத்தன் ஆட, மூன்று பேர் நின்றபடி ஆடினோம். எங்களுடைய நிஜமான கில்ட் அந்தப் பிளைவுட் தடுப்புக்குள்தான் இருந்தது.

உள்ளே, திரையில், நாங்கள் மாதனூர்க்காரர்கள் என்று சொன்னதே இல்லை. எங்கேயிருந்து என்று கேட்டால் ஒருத்தன் அமெரிக்கா என்பான், ஒருத்தன் லண்டன் என்பான். இங்கிலீஷைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனாலும் சொல்வோம். ஃபின்லாந்துக்காரப் பையன் ஒருத்தனிடம் மட்டும் நான் இந்தியா என்று உண்மையைச் சொன்னேன். மாட்டுப் பட்டியில் பழக்கம். அவனுக்கு ஒரே ஆச்சரியம்: "இந்தியனா? நீ மாட்டை அடிக்கலாமா?" நான் "ஆம்பூர்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அவனுக்குப் புரியவில்லை. பிறகு எங்கள் ஊரில் ஷூ செய்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். திரும்பி வந்து, அப்பாவின் ஷூவைக் கழற்றி உள்ளே பார்த்ததாகவும், இந்தியாவில் செய்தது என்று போட்டிருப்பதாகவும் சொன்னான். அந்த ஷூ எங்கள் ஊருடையதா, ஆக்ராவுடையதா, யாருக்குத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் அவன் அடிக்கிற மாட்டின் தோலையெல்லாம் எனக்கே விட்டுக்கொடுத்தான்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யோசித்தால், ஆட்டத்தின் அசௌகரியத்தால்தான் வந்தது என்று தோன்றுகிறது. ஊருக்கு ஊர் நடந்துதான் போகணும். பொருளை விற்க வேண்டுமானால் வாரக் என்ற ஊரின் வங்கி வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தணும், அதாவது தட்டணும். வாங்குகிறவன் வருவான், குறைத்துக் கேட்பான், போவதுபோலப் போவான், திரும்பி வருவான். பேரணாம்பட்டுத் தோல் தரகர்களைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை. பேரம் முடிந்த பிறகும் இரண்டு வார்த்தை பேசாமல் எப்படிப் போவது? 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பொருளைப் போடு, விலையைப் போடு, எங்கேயோ இருக்கிற முகம் தெரியாதவன் வாங்கிக்கொள்வான். வசதிதான். ஏமாற்று குறைந்தது. அடுத்த மாதமே, காசு விற்கிற கும்பலை ஒழிக்கிறோம் என்று சொல்லி, ஒருத்தருக்கொருத்தர் சும்மா பொருள் கொடுப்பதற்கும் வரம்பு வைத்தார்கள். ஃபின்லாந்துக்காரன் இனி எனக்குக் கொஞ்சத்துக்கு மேல் எதையும் இனாமாகத் தர முடியாது. வங்கி வாசல் அமைதியானது. அந்தக் காலத்து மனிதர்கள் நல்லவர்கள் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒருத்தனை ஒருத்தன் விட்டால் வேறு வழியில்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நேரமும் அப்படித்தான் எங்களை ஒன்றுசேர்த்தது. கொஞ்சம் வசதியான கூட்டாளி வீட்டுக்கு பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. ஐந்நூறு ரூபாய்த் திட்டம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரைக்கும் கணக்கு இல்லாமல் ஓட்டலாம். ஆக, அரசு நிறுவனமே நள்ளிரவில் எழுந்து விளையாடு என்று எங்களை எழுப்பிவிட்டது. 2025-ல் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் தமிழக அரசு பூட்டுப் போட்டது: பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டு, பணம் வைத்து ஆடுவதை மொத்தமாகத் தடுத்துவிட்டது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு இதற்கெல்லாம் சட்டம் தேவைப்படவில்லை. 2012-ல் மின்வெட்டே போதுமானதாக இருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று பார்த்துத்தான் எந்த அரக்கனை அடிப்பது என்று முடிவு செய்வோம். சண்டை நடுவில் கரண்ட் போனால் பாத்திரம் நின்ற இடத்தில் செத்துக்கிடக்கும்.

இப்போதைய கதைக்கு வருவோம். செல்போன் வந்தது, ஜியோ வந்தது, 2019-ல் எங்கள் ஊரும் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. நான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் உட்கார்கிற வேலைதான். தோல் வாடையும் உண்டு. பெரியவர்கள் வாக்கில் பாதி பலித்தது.

செல்போனுக்கு வந்த புதிய ரக பாத்திர ஆட்டங்களை ஆசையாக இறக்கிப் பார்த்தேன். சிறுவயதில் ஏக்கத்தோடு கேள்விப்பட்ட ரக்னராக்கும் அதில் உண்டு. திரையில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் பாத்திரம் தானாகவே அரக்கனைத் தேடி, தானாகவே அடித்து, விழுந்ததைத் தானாகவே பொறுக்குகிறது. நாம் மேஸ்திரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டியதுதான். சுற்றிலும் நூறு பேர் நிற்கிறார்கள், நூறு பேரும் ஆட்டோ. யாரிடம் பேசுவது? ஆள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அக்கா பையன் ஆடுவது துப்பாக்கி ஆட்டம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜியைத் தடை செய்தபோது வீட்டில் துக்கம் அனுஷ்டித்தவன். பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது, 2022-ல் மறுபடியும் போனது, 2023-ல் மறுபடியும் வந்தது. அவனுக்கு நான் பொறாமைப்படுகிற ஒரு விஷயம் உண்டு. தமிழிலேயே பேசுகிறான். கோயம்புத்தூர்ப் பையன், திருநெல்வேலிப் பையன், கிள்ளானிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்ப் பையன் என்று வாயாலேயே பேசி ஆடுகிறார்கள். ஊர்ப் பெயரை மறைப்பதில்லை. நாங்கள் லண்டன் என்று தட்டிக்கொண்டிருந்த இடத்தில் இவன் நெஞ்சை நிமிர்த்தி "மாதனூர் ப்ரோ" என்கிறான். இதைக் கேட்க ஆனந்தமாக இருந்தது, அடுத்த முப்பது வினாடிக்கு. தெரியாத கூட்டத்தோடு ஆடும்போது காதில் விழுவதெல்லாம் அடுத்தவன் அம்மாவைப் பற்றிய செய்தி. எங்கள் ஆட்டத்தில் கெட்ட வார்த்தையை நட்சத்திரமாக மாற்றிவிடுவார்கள். குரலுக்கு நட்சத்திரம் கிடையாது.

"இன்னாடா இது, இத்த எப்படிடா காதுல வாங்கினு ஆட்ற?"

"எல்லாரையும் மியூட் போட்றணும் மாமா. மொதல்ல மியூட், அப்புறந்தான் கேம்."

நான் பழைய இடத்துக்கே போய்விட்டேன். 2013 பிப்ரவரியில், நான்கரை லட்சம் பேருக்குப் பக்கத்தில் வாக்களித்ததால், 2007-ஆம் வருஷத்து ரூன்ஸ்கேப்பை அப்படியே தூசி தட்டித் திறந்தார்கள். 2018-ல் அது செல்போனுக்கும் வந்தது. அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஆடுகிறவர்களிடம் வாக்கெடுப்பு வைக்கிறார்கள். முன்பு நூற்றுக்கு 75 பேர் சரி என்று சொல்ல வேண்டும், பிற்பாடு 70 ஆக்கினார்கள். எங்கள் பக்கத்து எந்தத் தொகுதியிலும் யாரும் கனவில்கூட வாங்காத சதவீதம். என் குழுவில் எல்லாருக்கும் முப்பது நாற்பது வயது. மரம் வெட்டிக்கொண்டே முழங்கால் வலி பேசுகிறோம், வீட்டுக் கடன் வட்டி பேசுகிறோம். ஒரு திறமையில் 99-ஆம் படியை எட்ட 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-ல் நின்றால் பாதிதான் ஆகியிருக்கிறது. இதைப் புதியவர்கள் அநியாயம் என்கிறார்கள். இருபது வருஷத் தவணையில் வீடு வாங்கியவர்களுக்கு அது பழகிய கணக்கு.

ஒருநாள் ராத்திரி நான் தோல் பாடி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி, நூல், தோல். ஐந்து உருப்படிக்கு ஒரு நூல் செலவாகும். அம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் அம்மா கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைத்தவர், ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில். ஆள்காட்டி விரலில் நூல் இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. மெழுகு நூலை எத்தனை முழம் வெட்டினால் வீணாகாது என்பது அவருக்குக் கண் அளவு. கொஞ்ச நேரம் திரையைக் கவனித்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு பீஸுக்கு எவ்ளோடா தர்றான்?"

"தரமாட்டான்மா. நாமதான் மாசாமாசம் கட்டணும்."

அம்மா பதில் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அந்த ஆட்டத்துக்குள் பீஸ் ரேட்டுக்கு உழைக்கிறவர்களும் உண்டு என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. வெனிசுவேலாவில் பொலிவார் பணம் காகிதமாகிப்போன வருஷங்களில், அந்த நாட்டுப் பையன்கள் பழைய ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகனை அடித்து, அதன் தோலை விற்று, சேர்ந்த காசை டாலருக்கு மாற்றி வீட்டுக்கு அரிசி வாங்கினார்கள். அந்தத் தோலைப் பதனிட இருபது காசு. அவர்கள் பதனிடக்கூட நிற்பதில்லை, பச்சையாகவே விற்றார்கள். 2017-ல், இவர்களைத் தேடிக் கொல்வது எப்படி என்று மற்ற ஆட்டக்காரர்கள் வழிகாட்டியே எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். எந்த இடத்தில் நிற்பார்கள், ஸ்பானிய மொழியில் என்ன சொன்னால் தலைதெறிக்க ஓடுவார்கள் என்பதுவரை. ஆட்டத்தைக் கெடுக்கிறார்களாம். என் குழுவிலும் ஒருத்தர் அதையே சொன்னார். ஆட்ட விதிப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. காசுக்கு விற்பது விதிமீறல்தான். ஆனால் தோலை நம்பிச் சோறு சாப்பிட்ட ஊரிலிருந்து கொண்டு அதற்குத் தலையாட்ட எனக்கு வரவில்லை. கூட்டத்தின் குணம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: பிச்சை கேட்டவனைச் சகித்தார்கள், திருடனைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள், கூலிக்காரனை மட்டும் பொறுக்கமுடியவில்லை.

போன மாதம் கவசக் கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். வீடே இறுக்கமாக இருந்தது. அவன் பையன், பிஜிஎம்ஐ ஐடி ஒன்று மலிவாக வருகிறது, துப்பாக்கிக்கு நல்ல ஸ்கின் எல்லாம் இருக்கிறது என்று நம்பி, முகம் தெரியாத எவனுக்கோ ஜிபே பண்ணிவிட்டான். காசு போன மறுநிமிஷம் எதிராளி பிளாக். கூட்டாளி கூடத்தில் நின்று ஒரு மணி நேரமாக உபதேசம்.

"எங்க காலத்துல இந்த மாதிரி ஃபிராடு ஒன்னு கெடையாதுடா! ஒருத்தன ஒருத்தன் அப்டி நம்புனோம். இன்னாடா, சும்மா கீற? நீயாவது சொல்லு அவனுக்கு."

பையன் அழுத கண்ணோடு என் பக்கம் திரும்பினான். "அப்டியா அங்கிள்?"

"ஆமாம்பா," என்றேன். "உங்கப்பா அளவுக்கு நம்புனவன் அந்த ஆட்டத்துலயே ஒருத்தன் கெடையாது."